இரண்டு பட்டை குறைத்த வண்டி

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் வெங்கடபதியின் ஸ்பிரிங் பட்டறை வாசலில் காளிச்சாமி ஜீப்பை நிறுத்தியபோது காலை ஒன்பது மணி இருக்கும். தன் மலையூரான மூங்கில்பாறையிலிருந்து விடியும்போதே கிளம்பி, ஒன்பது கிலோமீட்டர் கல்லுப் பாதை இறங்கி, வெள்ளியங்காடு, காரமடை என்று தார் ரோடு பிடித்து வந்திருந்தான். வழியில் எந்தக் கடையில் டீ குடித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. குடித்தானா என்பதே சந்தேகம். தை மாதத்திலிருந்து இந்த வைகாசி வரைக்கும் அவனுடைய நாட்கள் இப்படித்தான் போயிருந்தன.

பிள்ளையைப் பறிகொடுத்தவன் அழ வேண்டும், குடிக்க வேண்டும், நாலு பேரை வம்புக்கு இழுத்துச் சண்டை பிடிக்க வேண்டும். ஊர் அதைத்தான் எதிர்பார்க்கும். காளிச்சாமி மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. எட்டாம் நாளே வண்டியை எடுத்துவிட்டான். ஆள் ஏற்றினான், இறக்கினான், தானே பொங்கித் தின்றான். மூன்று நாளாகக் குழம்பில் உப்பே போடவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டான். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டுவதற்கு ஊருக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

அவன் மனைவி பாவாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கருமத்தம்பட்டியில் தாய்வீட்டுக்குப் போனவள்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் அழைக்கப் போனான். மாமனார் மாசாணம், தறி ஓட்டுகிறவர், வாசற்படியிலேயே மறித்துச் சொல்லிவிட்டார். "அந்தக் கல்லு வண்டியில எம்பட புள்ளைய இனி ஏத்தமாட்டேன் மாப்ள. வண்டியை மெத்துனு ஆக்கிட்டு வாங்க, அப்பறம் பேசிக்கலாம்." பாவாத்தாள் கதவோரம் நின்றிருந்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூங்கில்பாறைக்கு பஸ் கிடையாது. ஜீப்பை விட்டால் நடைதான். அவள் திரும்பி வருவதென்றால் இந்த வண்டியில் ஏறித்தான் வரவேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பட்டறை.

"ஏனுங்ணா, பின்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டையைக் கழட்டிப்போடோணுங்" என்றான்.

வெங்கடபதி லாரி ஸ்பிரிங் ஒன்றைச் சுத்தியலால் தட்டி வளைவு சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். கணபதியில் இவர் கை படாத ஜீப் குறைவு. நிமிர்ந்து பார்த்தார்.

"கழட்டறதா? நீதானப்பா ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒத்தக்கால்ல நின்னு போடச் சொன்னே. வேண்டாம்டான்னு எத்தனை சொன்னேன்!"

சொன்னார்தான். ஜீப்பின் அடியில் பின் அச்சுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்லாக வளைத்துக் கட்டியிருக்கும். அதுதான் ஸ்பிரிங். வண்டி வந்தபோது ஒன்பது பட்டை இருந்தது. ஒன்பது பட்டையோடு மூங்கில்பாறைக்குப் பாரம் ஏற்றினால் வண்டி தாழ்ந்து உட்கார்ந்துவிடும், அடிவயிறு பாறையில் உரசும். மற்ற ஜீப்காரர்களைப் போலவே காளிச்சாமியும் இரண்டு சேர்த்துப் பதினொன்றாக்கினான். வண்டி எழுந்து நின்றது. பதினெட்டு ஆளும் நாலு மூட்டை மரவள்ளியும் ஏற்றினாலும் அலுங்காமல் போனது. ஆனால் வெறும் வண்டியாக ஓட்டினால் அது வேறு பிறவி. பட்டை துளிகூட மடங்காது. பாதையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பில் ஏறி, பல் வரைக்கும் போய்விட்டுத்தான் ஓயும்.

"ஊட்டுக்காரியைக் கூட்டிட்டு வரோணுங். மாமன் சொல்லிப்போட்டாரு, மெத்துனு இருந்தாத்தான் அனுப்புவாராம்."

வெங்கடபதிக்கு விஷயம் தெரியும். ஜீப்காரர்கள் வந்துபோகிற இடத்தில் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவருக்கு வந்து சேர்ந்தது ஊர் சொன்ன கதை. வயிற்றுப்பிள்ளைக்காரி முன்சீட்டில் துடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் சவாரிக்குக் காத்திருந்த காளிச்சாமியின் கதை. மாமியார் செவ்வந்தி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அதைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். காளிச்சாமி வாய் திறக்கவில்லை.

வெங்கடபதி சுத்தியலைக் கீழே வைத்தார். வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். வண்டி அசையவில்லை.

"அன்னைக்கு வெறும் வண்டியாவா கீழ இறங்கினே?"

"ஆமாங்ணா. நானும் அவளும் மட்டுந்தான்."

"டயர்ல காத்தைக் குறைச்சுப் பாத்தயா?"

"ரெண்டாவது மைல்லயே எறங்கி நாலு டயர்லயும் பாதிக்காத்தைப் புடுங்கிட்டனுங். கொஞ்சந்தான் கேட்டுது. அவ முடியல, குலுங்குது, குலுங்குதுன்னு கம்பியைப் புடிச்சுட்டு அழுதா."

வெங்கடபதி குனிந்து பின்பக்கத்துப் பட்டைகளை ஒருதரம் பார்த்தார். தகரக்கூரைக்கு வெளியே சத்தி ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அடப்பாவி" என்றார் கடைசியில். "அதுக்கா நின்னே? பின்னால ஆள் ஏறுனா பட்டை அமுங்கும்னா?"

காளிச்சாமி தலையை ஆட்டினான். ஐந்து மாதத்தில் ஒருத்தர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்தது இப்போதுதான். சந்தோஷமாவது, ஆறுதலாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஆமாம், அதற்குத்தான் நின்றேன் என்று யாரோ ஒருவனைப் பற்றி நினைப்பதுபோல் நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு இரண்டாம் பாலத்தடியில் நிறுத்தினான். இரண்டு குக்கிராமத்துச் சனங்கள் வந்து ஏறுகிற இடம். ஏழெட்டுப் பேர் ஏறினால் போதும், வண்டி மிதந்துகொண்டு போகும், அவளுக்கு ஓர் அடியும் விழாது என்று அவன் கணக்குப் போட்டான். வண்டிக்காரனுடைய கணக்கு அது, அதில் பிழை இல்லை. ஆனால் அன்றைக்குச் சந்தை நாள் இல்லை என்பதை மறந்துபோனான். மேட்டில் ஏறி நின்று கூப்பாடு போட்டான். சட்டை மாட்டி, செருப்புத் தேடி, எட்டுப் பேர் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் வண்டி நினைத்தபடியே மெத்தென்று போனது. அவளும் அழுகையை நிறுத்திவிட்டாள். ஆகா, வலி குறைந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். காரமடையில் இறங்கியவர்கள் பழக்கத்தில் வண்டிச் சார்ஜை நீட்டினார்கள், அவனும் பழக்கத்தில் வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு உயிர் இல்லை. எட்டாம் மாதத்துப் பெண்பிள்ளை.

நின்றது தப்பா, நிற்காமல் குலுக்கிக்கொண்டு போயிருந்தால் அதுதான் தப்பா? அவனுக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் இல்லை. காரணத்தை மாமியாரிடம் சொல்லியிருக்கலாம். பையில் சார்ஜை வைத்துக்கொண்டு சொன்னால் எவள் நம்புவாள்?

"இங்க பாரு காளி" என்று வெங்கடபதி ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டைக் கழட்டினா வண்டி ரெண்டு இஞ்சு தாழும். உங்க பாதைல அடிவயித்துல இடிக்கும், சைலன்சர் குழாய் பேந்துரும். எட்டு ஆளுக்கு மேல ஏத்தினா அச்சு மேல வந்து அடிச்சட்டத்துல முட்டும். மேல டாப்புல மூட்டையைக் கட்டிட்டு வளைவுல திருப்புனயோ, ஒரு பக்கமாப் படுத்துக்கும். தெரியுமல்ல?"

"தெரியுமுங்."

"பாரம் ஏத்தோணும்னா குலுக்கலைப் பொறுத்துக்கோணும். மெத்துனு போகோணும்னா பாரத்தை விட்டுப்போடோணும். ரெண்டும் ஒரே வண்டில வராதப்பா. வேணும்னா நல்ல ஷாக் அப்சர்வரா மாத்தித் தாரேன். குதிக்கறது நிக்கும். ஆனா இடிக்கறது நிக்காது."

"கழட்டிப்போடுங்ணா."

"சவாரி பூராவும் அடுத்த வண்டிக்குப் போயிருமேடா. பொழப்புக்கு என்ன பண்ணுவே?"

காளிச்சாமி யோசித்துப் பார்த்தான். பிழைப்பு என்ற சொல் காதில் விழுந்தது. அதற்குமேல் அது எங்கும் போகவில்லை. "பாத்துக்கலாமுங்" என்றான்.

வெங்கடபதி வேலையில் இறங்கினார். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். பட்டை அடுக்கை இறக்கி, வைஸ் இடுக்கியில் இறுக்கி, நடுபோல்ட்டைக் கழற்றினார். அடியிலிருந்து இரண்டு இரண்டாக நாலு பட்டையை உருவி மூலையில் எறிந்தார். மிச்சத்தைத் தேய்த்துத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பக் கட்டினார். பன்னிரண்டரை மணிக்கு வண்டி தரையில் இறங்கியது. பின்பக்கத்தை அழுத்தினார். அமுங்கி, எழுந்தது. இருவருமாக ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். ரோட்டில் வெட்டிப்போட்ட பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தான். பள்ளம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

"போயிக் கூட்டிட்டு வா" என்றார் வெங்கடபதி. "காரணத்தையும் சொல்லு. உள்ளயே வெச்சுட்டிருக்காதே."

கருமத்தம்பட்டியில் மாசாணத்தின் வீட்டு வாசலுக்கு வண்டி வந்து நின்றபோது தெரு முழுக்கத் தறிச்சத்தம். மாசாணம் நம்புகிற ஆள் இல்லை. வண்டியைத் தட்டினார், குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். அடியில் என்ன தெரிந்ததோ, தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். பின்னால் ஏறி உட்கார்ந்து, "எங்க, ஓட்டுங்க மாப்ள" என்றார். தெருக்கோடியில் ஜல்லி கொட்டிக்கிடந்த இடத்தில் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். வெற்றிலைப் பெட்டியை மடியில் திறந்து வைத்து, சுண்ணாம்பு சிந்துகிறதா என்று பார்த்தார். சிந்தவில்லை.

"பரவால்ல. மெத்துனுதான் போகுது" என்றார் இறங்கி, வீட்டுக்குள் கேட்கும்படி.

செவ்வந்தி திண்டுக்கல் பூட்டுப்போலக் கடுகடுத்த முகத்தோடு வெளியே வந்தாள். "அன்னைக்கு ஆளுக்கு நின்ன புத்தி இன்னைக்கு எங்க போச்சாம்? இதை அப்பவே செஞ்சிருந்தா எம்பட பேத்தி இருந்திருப்பாளே" என்றாள். மாசாணம் அவளை அதட்டினார். காளிச்சாமி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவள் சொன்னது அவனைத் தாண்டிப் பின்னால் நின்ற யாருக்கோ போய்ச் சேர்ந்தது.

பாவாத்தாள் துணிப்பையோடு வந்தாள். மெலிந்திருந்தாள். கன்னத்தெலும்பு தெரிந்தது. நேராக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறிவிட்டாள் என்பதே காளிச்சாமிக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம்தான் சாவியைத் திருகினான்.

அவிநாசி ரோட்டுக்கு வந்தார்கள். இன்னும் கொஞ்சம் போனால் அன்னூருக்குத் திரும்புகிற பிரிவு. அங்கே திரும்பினால் காரமடை, வெள்ளியங்காடு, மலை, வீடு. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியைப் பிடித்திருந்த போல்ட்டுகூட ஆடவில்லை. வெங்கடபதி சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பட்டையைக் கழட்டிட்டேன் அம்மணி" என்றான். "இனி மேல பாதைலயும் குலுங்காது."

பாவாத்தாள் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

"என்னாச்சு? குலுங்குதா?"

"நிறுத்துங்கன்னு சொல்றனல்ல."

ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான். இரண்டு லாரிகள் அவர்களைத் தாண்டிப் போயின.

"அன்னைக்கு ரெண்டாம் பாலத்துல ஆளெல்லாம் ஏறினப்பறம் இப்பிடித்தானுங் போச்சு" என்றாள். "இதே மாதிரி. துளி அலுங்கல."

காளிச்சாமி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவரைக்கும் வண்டி குலுங்கக் குலுங்க, உள்ள புள்ளை அசையுதுன்னே நெனச்சுட்டிருந்தனுங். ஒவ்வொரு கல்லுக்கும் அது உதைக்குது, உசுரோட இருக்குதுன்னு. வலி ஒரு பக்கம் இருந்தாலும் அது ஒரு தைரியம். நீங்க ஆளை ஏத்துனீங்க. வண்டி மெத்துனு போச்சு. அப்பத்தானுங் எனக்குத் தெரிஞ்சுது. அசைஞ்சது வண்டி. புள்ளை இல்ல."

அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கடைக்குப் போய் வாங்கி வரவேண்டியதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் வயித்துல கையை வெச்சுட்டே வந்தனுங். ஒண்ணுமில்ல. வலி குறைஞ்சிருச்சான்னு நீங்க சிரிச்சுட்டுக் கேட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. கேட்டான்தான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"நான் ஆளுக்கு நிக்கல பாவாத்தா" என்றான். சொல்லவேண்டும் என்று வைத்திருந்தது இப்படி அரைகுறையாக வந்தது. "பட்டை அமுங்கோணும்னு..."

"தெரியுமுங்க. குலுங்குது, குலுங்குதுன்னு அழுதது நாந்தானே. எதுக்கு நின்னீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்கம்மா அத்தனை பேச்சுப் பேசினாளே, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்களே சொல்லலியே."

கேட்க வேண்டியது ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. ஐந்து மாதமாக அவன் அதன் பக்கத்தில்கூடப் போகாமல் இருந்தான். இப்போது கேட்டான்.

"நின்னதாலதான் போச்சா?"

பாவாத்தாள் முதல்முறையாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலீங்க. நிக்கறதுக்கு முன்னாலயே போயிருச்சோ, நின்னப்பப் போச்சோ. சுமந்த எனக்கே தெரியல. உங்களுக்கு யாரு வந்து சொல்லப்போறா?"

காளிச்சாமிக்கு மார்புக்குள் ஏதோ வலித்தது. சரியான வலி, இடம் காட்டக்கூடிய வலி. தை மாதத்திலிருந்து அவன் உடம்பில் அவனுக்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டான்.

"நான் ஊட்டுக்கு வாரனுங்" என்றாள் பாவாத்தாள். "வரமாட்டேன்னு சொல்லல. ஆனா இப்பிடி அலுங்காமப் போற வண்டியில என்னால உக்கார முடியாதுங்க. கையி தானா வயித்துக்குப் போகுது. பழையபடி ஆக்கிப்போடுங்க. முதுகு ஒடிஞ்சாலும் சரி, குலுங்கட்டும்."

அவன் எஞ்சினைக் கிளப்பினான். அன்னூர்ப் பிரிவு வந்தது. திரும்பாமல் நேராகக் கோயமுத்தூர்ப் பக்கம் விட்டான். சாயங்காலத்துக்குள் கணபதி போய்விடலாம். வெங்கடபதி திட்டுவார், திட்டிவிட்டு மாட்டிக் கொடுப்பார்.

பிரிவைத் தாண்டியும் ரோடு வழவழவென்றுதான் கிடந்தது. பாவாத்தாளின் ஒரு கை கம்பியை விட்டு மடிக்கு வந்தது. காளிச்சாமி அதைப் பார்த்தான். இடது பக்கம் ஒடித்து, இரண்டு சக்கரத்தைத் தாரிலிருந்து கீழே இறக்கினான். ஓரத்தில் ஜல்லியும் குழியும் கட்டைப்புல்லுமாக இருந்தது. மெத்தென்று ஆக்கிய வண்டி, வேகம் கூடக்கூட அதில் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து, குடித்திருக்கிறாயா என்று கத்திவிட்டுப் போனான். பாவாத்தாள் மடியிலிருந்த கையை எடுத்துத் திரும்பவும் கம்பியைப் பிடித்தாள். குலுக்கலில் துண்டு துண்டாக அவள் அழுகிற சத்தம் வந்தது. காளிச்சாமிக்கும் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளக் கை எடுத்தால் வண்டி ரோட்டுக்கு ஏறிவிடும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு, நீலாம்பூர் வரைக்கும் ஓரத்திலேயே ஓட்டினான்.